துணி வாங்காதவருக்கு நம்போதோங்கில் என்ன வேலை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கணவருக்குத் தென்கொரியாவின் பூசானில் மூன்று நாள் கருத்தரங்கு, கூடவே நீங்களும் போகிறீர்கள். அறை கிடைத்திருப்பது நம்போதோங் பகுதியில். "அது ஷாப்பிங் ஏரியா" என்று எல்லாரும் சொல்கிறார்கள். உங்களுக்கோ துணிமணியில் பெரிய ஆசை இல்லை, முகப்பூச்சில் சுத்தமாக இல்லை. சனிக்கிழமை முழுநாளும் ஞாயிறு மத்தியானம் வரையிலும் தனியாக இருப்பீர்கள். முட்டை சாப்பிடுவீர்கள், கறியும் மீனும் கிடையாது. அங்கே என்னதான் செய்வது என்பது உங்கள் கேள்வி. நான் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். எதையும் வாங்காமல் ஒரு கடைவீதியில் நாள் முழுக்கச் சுற்ற முடியுமா என்பது ஒன்று. பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா என்பது இன்னொன்று. முதலாவதற்குத் தாராளமாக முடியும் என்று சொல்வேன். இரண்டாவதற்குக் கொஞ்சம் உஷார் வேண்டும், அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

நான் கப்பல் இன்ஜினீயர். பழுதுபார்க்க வரும் கப்பல்களை மேற்பார்வை செய்யும் வேலையில் ஆறு வருஷம் பூசானில் இருந்தேன். பட்டறை யொங்டோ தீவில். பாலத்தைத் தாண்டினால் நம்போ. வேலை முடிந்த சாயங்காலங்களில் பாதி அங்கேதான் கழிந்தது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துப் போய்க் காட்டுவதும் நான்தான். மனைவி சுத்த சைவம் என்பதால் சாப்பாட்டு விஷயத்தில் நான் சொல்வதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது. ஃபேஷன், அழகுப்பொருள் இரண்டிலும் என்னிடம் யோசனை கேட்டுப் பிரயோஜனம் இல்லை. கீழே வரும் விலைகளைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 வோன் என்பது ஏறத்தாழ 60 ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்போதோங் ஒரே கடைவீதி இல்லை. நாலைந்து சந்தைகள் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் கண் விழிக்கிறது. மீன் சந்தைக்கு விடிகாலை, பழைய புத்தகச் சந்துக்கு முற்பகல், குக்ஜே சந்தைக்கு மத்தியானம், குவாங்போக் சாலைக்கு விளக்கு வைக்கிற நேரம், காங்தோங் சந்தைக்கு ராத்திரி. காலை பதினொரு மணிக்கு வந்து ஒரே சுற்றில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "நம்ம ஊர் மார்க்கெட் மாதிரிதானே இருக்கு" என்று திரும்பிப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். வரைபடத்தைவிட கடிகாரத்தைப் பார்த்து நடந்தால் அதே ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு நாள் போதாது.

இந்த இடம் ஏன் சந்தையானது என்பது தெரிந்தால் நடக்கும்போது கண்ணில் படுவது வேறு மாதிரி இருக்கும். 1678இல் இங்கே யோங்துசான் குன்றைச் சுற்றி ஜப்பானிய வணிகர்களுக்கென்று வேலியடைத்த குடியிருப்பு ஒன்றை அன்றைக்குக் கொரியாவை ஆண்ட ஜோசன் அரசு கட்டிக்கொடுத்தது. இருநூறு வருஷம் கொரியாவும் ஜப்பானும் பண்டமாற்று செய்த வாசல் இதுதான். 1876இல் துறைமுகம் திறந்துவிடப்பட்டது, பிறகு காலனி ஆட்சி. 1945இல் ஜப்பானியர் கப்பலேறியபோது கொண்டுபோக முடியாததையெல்லாம் வந்த விலைக்கு விற்றார்கள். ஜப்பானிலிருந்து திரும்பிய கொரியர்கள் கையில் இருந்ததை விற்றுச் சாப்பிட்டார்கள். காலி மைதானத்தில் தரையில் பரப்பிய அந்தச் சரக்குதான் குக்ஜே சந்தையின் தொடக்கம். 1950இல் வடகொரியாவோடு போர் வந்தது, நாடு முழுவதிலிருந்தும் அகதிகள் வந்து குவிந்தார்கள், 1953 வரை பெரும்பாலும் பூசானே தற்காலிகத் தலைநகரம். விற்பதற்கு ஏதாவது ஒன்று வைத்திருந்தவர் வியாபாரி ஆனார். குவாங்போக் என்ற பெயரே விடுதலையைக் குறிப்பது. ஆகஸ்ட் 15 அவர்களுக்கும் விடுதலை நாள், அதற்கும் இதே சொல்தான்.

சரி, சனிக்கிழமை. காலை ஏழரை எட்டு மணிக்கே கிளம்பி ஜகல்ச்சி மீன் சந்தைக்குப் போங்கள். மீன் சாப்பிடாதவரை எதற்கு மீன் சந்தைக்கு அனுப்புகிறான் என்று நினைக்கலாம். என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள், ஒரு மணி நேரம் கழித்து நான்தான் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது. ஜகல் என்றால் கூழாங்கல். கல் நிறைந்த கரையில் பெண்கள் கூடை வைத்து விற்க ஆரம்பித்த இடம் என்பதால் அந்தப் பெயர். இன்றைக்கும் கடைக்காரர்களில் பெண்களே அதிகம், 'ஜகல்ச்சி அஜிமே' என்று அவர்களுக்குத் தனிப்பெயரே உண்டு. ரப்பர் பூட்ஸ், பூப்போட்ட கால்சட்டை, சுருட்டைமுடி, வெண்கலக் குரல். "ஓயிசோ, போயிசோ, சாயிசோ" என்பது இந்தச் சந்தையின் முழக்கம்: வாங்க, பாருங்க, வாங்கிக்கங்க. பூசான் வட்டார வழக்கு அது. தலைநகர் சோலில் இருப்பவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். மதுரைப் பேச்சைச் சென்னையில் கேட்டால் ஒரு சிரிப்பு வருமே, அந்த மாதிரி. புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்த் தொட்டிகளில் உயிர் மீன்கள், மாடியில் அதை அறுத்துக் கொடுக்கும் உணவகங்கள். உங்களுக்கு வேண்டியது அது இல்லை. கட்டடத்துக்கு வெளியே, கடலை ஒட்டிய திறந்தவெளிக் கடைகள்தான் பழைய ஜகல்ச்சி. படம் எடுக்கும் முன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் கையை வீசித் துரத்துவார்கள், இரண்டுமே இயல்பு. கட்டடத்தின் பின்பக்கம் கடலைப் பார்த்த மரத்தளம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து படகுகளைப் பார்த்தபடி கடைத்தெருவில் வாங்கிய காபியைக் குடிக்கலாம்.

பத்து பத்தரைக்கு வடக்கே நடந்து, குக்ஜே சந்தையை நிற்காமல் குறுக்காகக் கடந்து, பெரிய சாலையைத் தாண்டினால் போசுதோங் பழைய புத்தகச் சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அகலம். சுவர் எது, புத்தக அடுக்கு எது என்று தெரியாது. வடக்கிலிருந்து அகதியாக வந்த ஒரு தம்பதி, அமெரிக்கப் படைமுகாமிலிருந்து வந்த பழைய பத்திரிகைகளைப் பெட்டி மேல் பரப்பி விற்றதில் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். போர்க்காலத்தில் மலைச்சரிவில் கூடாரம் போட்டுப் பள்ளி, கல்லூரி நடத்தினார்கள். படித்து முடித்த பாடப்புத்தகத்தை விற்று அடுத்ததை வாங்கும் மாணவர்கள் இந்த வழியாகத்தான் நடந்தார்கள். இப்போது கடைகள் குறைந்துவிட்டன, சிலது காபிக்கடையாகிவிட்டது. கொரிய மொழி தெரியாவிட்டாலும் குழந்தைகள் படப்புத்தகம், பழைய வரைபடம், இசைக்குறிப்பு ஏடு என்று கை நிறையச் சிக்கும். எதுவும் வாங்காமல் நீங்கள் திரும்ப மாட்டீர்கள் என்று நான் சந்தேகப்படுவது இந்த ஒரு இடத்தில்தான்.

அங்கிருந்து கிழக்கே பத்து நிமிட நடையில் பூசான் நவீன வரலாற்று அருங்காட்சியகம். கட்டடத்தின் கதையே ஒரு பாடம். 1929இல் கொரிய விவசாயிகளின் நிலத்தைச் சுருட்டிய ஜப்பானியக் கம்பெனியான ஓரியண்டல் டெவலப்மென்டின் கிளை அலுவலகமாக எழுந்தது. விடுதலைக்குப் பின் அமெரிக்கர் கைக்குப் போய் அவர்களுடைய கலாசார மையமானது. 1980இல் குவாங்ஜு நகரில் ராணுவம் நடத்திய படுகொலையில் அமெரிக்காவுக்குப் பொறுப்பு உண்டு என்று குற்றஞ்சாட்டிய மாணவர்கள் 1982இல் இந்த மையத்துக்குத் தீ வைத்தார்கள். 1999இல்தான் கொரியாவிடம் திரும்பி வந்தது. பக்கத்திலேயே கொரிய மைய வங்கியின் பழைய கிளையும் இப்போது அருங்காட்சியகத்தோடு சேர்ந்துவிட்டது, நிலவறைப் பெட்டகத்தில் கண்காட்சி வைக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெயிலோ மழையோ இருந்தால் இரண்டு மணி நேரம்.

இப்போது பசிக்கும், ஆகவே சாப்பாடு. இதில் அவசரப்படாமல் படியுங்கள். கொரியாவில் 'சைவம்' என்ற சொல்லை நம்பாதீர்கள். ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. இறைச்சி என்பதைக் குறிக்கும் 'கோகி' என்ற சொல் அவர்கள் மனசில் மாடு, பன்றி, கோழியோடு நின்றுவிடுகிறது. மீன் அதில் சேராது, கருவாட்டுத் தண்ணீர் சேரவே சேராது. குழம்பு, சூப், நூடுல்ஸ் எல்லாவற்றுக்கும் அடிப்படை நெத்திலிக் கருவாட்டை வேகவைத்த தண்ணீர். பார்க்கக் காய்கறியாகத் தெரியும் கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ நெத்திலிச் சாறோ இருக்கும். சிவப்பாக மினுக்கும் தொக்பொக்கியில் அரிசிக்கட்டியோடு மீன் கேக்கும் மிதக்கும். மீன் கேக்கான ஓமுக் என்பது பூசானின் பெருமை, அதைப் போடாமல் இருக்க அவர்களுக்குக் கை வராது. குக்ஜே சந்தையின் தின்பண்டச் சந்தில் ஒரு முறை, மனைவிக்கு கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு) வாங்கும்போது ஹாம் என்ற பன்றிக்கறி வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னேன். அந்த அம்மாள் பெரிய மனசோடு ஹாமை எடுத்துவிட்டு, பாவம் இளைத்திருக்கிறாள் என்று அந்த இடத்தில் இரண்டு பங்கு ஓமுக்கை வைத்து உருட்டிக் கொடுத்தார். கோபப்படவும் முடியவில்லை.

ஆகவே "கோகி, ஹேமுல் பே ஜுசெயோ" என்று சொல்லப் பழகுங்கள். கறியும் கடல் உணவும் எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று பொருள். கூடவே பாப்பகோ மொழிபெயர்ப்புச் செயலியில் "மீன், இறால், நெத்திலித் தண்ணீர், ஓமுக், ஹாம் எதுவும் சாப்பிட மாட்டேன், முட்டை சாப்பிடுவேன்" என்று முழுசாக எழுதிப் படமாகச் சேமித்துவைத்துக் காட்டுங்கள். சுலபமாகக் கிடைப்பது பிபிம்பாப்: சோற்றின் மேல் காய்கறி, முட்டை, மிளகாய் விழுது. அதிலும் சில கடைகளில் மிளகாய் விழுதையே மாட்டுக்கறித் துருவல் போட்டு வதக்கி வைத்திருப்பார்கள், ஆகவே விழுதைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூட வரும் சூப்பை ஒதுக்கிவிடுங்கள். பலகாரக் கடையில் காய்கறி பஜ்ஜி மாதிரி ஒன்று இருக்கும், ஆனால் கணவாய் பொரித்த அதே எண்ணெயில்தான் அதுவும் பொரிந்திருக்கும். உங்களுக்கு அது பரவாயில்லையா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். என் மனைவிக்குப் பரவாயில்லை, மாமியாருக்கு இல்லை.

கவலையில்லாமல் சாப்பிட ஒரு மூலை உண்டு. குக்ஜே சந்தையை ஒட்டி சிவப்புப் பயறுக் கஞ்சிக்கென்றே ஒரு சந்து இருக்கிறது. குளிர்காலத்தில் சூடான இனிப்புக் கஞ்சி, உள்ளே சின்னச் சின்ன அரிசி உருண்டை. வெயில்காலத்தில் அதே பயறு வேகவைத்து, சீவிய பனிக்கட்டி மேல் கொட்டித் தருவார்கள், பெயர் பாத்பிங்சு. காராமணிப் பாயசம் பிடித்தவர்களுக்கு இரண்டுமே பிடிக்கும். பிறகு, பூசான் திரைப்பட விழாவின் பெயரில் உள்ள பிஃப் சதுக்கத்தில் ஷியாத் ஹோத்தொக். இனிப்புப் பூரணம் வைத்த மாவை எண்ணெயில் அமுக்கிப் பொரித்து, கத்தரியால் வயிற்றைக் கீறி, பூசணி விதை, சூரியகாந்தி விதைகளை ஒரு கரண்டி உள்ளே தள்ளி, காகிதக் கோப்பையில் செருகிக் கொடுப்பார்கள். 2,000 வோன் வாக்கில். வரிசை நீளமாக இருக்கும், ஆனால் வேகமாக நகரும். உள்ளே உருகிய சர்க்கரை எரிமலைக்குழம்பு மாதிரி இருக்கும், முதல் கடியில் நாக்கு போய்விடும். அதே தெருவில் பிபிம் தாங்மியொன் என்று கண்ணாடி மாதிரி நூடுல்ஸை முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நூடுல்ஸ் சர்க்கரைவள்ளி மாவுதான், ஆனால் மேலே ஓமுக் விழும், சொல்லி எடுக்க வேண்டும். எதுவும் சரிப்படவில்லை என்றால் மூலைக்கு மூலை உள்ள இருபத்துநாலு மணிநேரக் கடையில் அவித்த முட்டை, வெறும் சோறு, வாழைப்பழப் பால் கிடைக்கும். ஒரு பொட்டலம் இட்லிப்பொடி கைவசம் இருந்தால் அந்தச் சோறே விருந்து.

ஒன்றே முக்காலுக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு யொங்டோ பாலத்தடிக்கு வந்துவிடுங்கள். உங்கள் தனி நாள் சனிக்கிழமையாக அமைந்தது அதிர்ஷ்டம், ஏனென்றால் பாலம் தூக்குவது சனிக்கிழமை மத்தியானம் 2 மணிக்கு மட்டும். மணி அடிக்கும், வண்டிகள் நிற்கும், சுமார் 31 மீட்டர் நீளச் சாலை, கோடும் விளக்குக்கம்பமுமாக அப்படியே வானத்தைப் பார்த்து எழுந்து நிற்கும். கால் மணி நேரத்தில் திரும்பப் படிந்துவிடும். பாம்பனில் இரண்டு இறக்கைகள் இரு பக்கமும் திறந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே ஒற்றை இறக்கைதான். 1934இல் திறந்த பாலம். யொங்டோவுக்குப் போகும் குடிநீர்க் குழாயும் பெருகிய போக்குவரத்தும் காரணமாக 1966இல் தூக்குவதை நிறுத்தினார்கள். பிறகு பழையதை இடித்து அகலமாகக் கட்டி 2013இல் மறுபடி தூக்க ஆரம்பித்தார்கள். ஆகவே இப்போது பார்ப்பது மூலப் பாலம் இல்லை, அதன் வடிவத்தில் கட்டிய புதியது. போரில் வீட்டை விட்டு ஓடும்போது, 'பிரிந்துவிட்டால் பூசான் யொங்டோ பாலத்தில் சந்திப்போம்' என்று சொல்லிக்கொண்டுதான் பல குடும்பங்கள் ஓடின. தெற்கே எல்லாருக்கும் பெயர் தெரிந்த ஒரே இடம் அதுதான். வராதவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர். உயிரோடு இருக்கிறாரா, வருவாரா என்று கேட்க ஆளிருந்ததால் பாலத்தடியில் குறிசொல்பவர்களின் குடிசை வரிசை ஒன்று முளைத்தது. அந்தக் கடைகள் இப்போது அநேகமாகப் போய்விட்டன. பாலம் எழும்போது சுற்றிலும் செல்பி எடுக்கும் கூட்டத்தில் ஒன்றிரண்டு கிழவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார்கள். நான் பார்த்த வரை அவர்கள் படம் எடுப்பதில்லை.

பாலத்தின் தலைமாட்டில் நிற்கும் பெரிய கட்டடம் லொத்தே பல்பொருள் அங்காடி. மொட்டைமாடிக்கு லிஃப்டில் இலவசமாக ஏறலாம், துறைமுகம் முழுக்கத் தெரியும். இந்த இடத்தில் முன்பு யோங்மிசான், அதாவது நாகவால் குன்று இருந்தது. எதிரே உள்ள யோங்துசான் நாகத்தலைக் குன்று. பாலம் கட்டும் காலத்தில் வாலை வெட்டிச் சமன்படுத்திவிட்டார்கள், அங்கே நகராட்சி வந்தது, நகராட்சி போய் அங்காடி வந்தது. தலை மட்டும் மிச்சம்.

இனி குக்ஜே சந்தை. காலையில் நிற்காமல் கடந்தோமே, அதே சந்தை. மூன்று மணிக்கு முழு வேகத்தில் இருக்கும். குக்ஜே என்றால் சர்வதேசம். ஆறு பிளாக்குகளாகப் பிரித்த சந்துகள், பிளாக்குக்கு ஒரு தொழில்: ஒன்றில் பாத்திரம், ஒன்றில் விளக்கு, ஒன்றில் துணிச்சுருள், ஒன்றில் செருப்பு. திசை தெரியாமல் போவதுதான் இங்கே முறை; எந்தச் சந்தில் முட்டினாலும் ஐந்து நிமிடத்தில் ஏதாவது பெரிய சாலைக்கு வந்துவிடுவீர்கள். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் ஒரு காரியம் செய்யலாம்: மூக்குக்கண்ணாடி. கண்ணாடிக்கடைகளுக்கென்றே இங்கு ஒரு சந்து உண்டு. அங்கேயே கண் பரிசோதனை செய்து, சாதாரண பவர் என்றால் அரை மணி ஒரு மணி நேரத்தில் மாட்டி அனுப்புவார்கள். நான் போட்டிருப்பது அங்கே வாங்கியதுதான். விலை நம் ஊர் நல்ல கடைகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை, வேகமும் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் சட்டங்களும்தான் லாபம்.

பழைய உடுப்புச் சந்து ஒன்றும் உண்டு. 'குஜே' என்று பலகை தொங்கும். இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு விண்டேஜ் என்று இளைஞர்கள் பொருள் கொள்கிறார்கள். நிவாரணம் என்ற பொருளுள்ள சொல்லும் அதே ஒலிதான். போருக்குப்பின் நிவாரணமாக வந்த அமெரிக்க உடுப்புகளிலிருந்து பெயர் வந்தது என்பது சந்தைக்காரர்கள் சொல்லும் விளக்கம். பழைய செய்பொருள் என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. இரண்டில் எது என்று அடித்துச் சொல்ல எனக்கு ஆதாரம் போதாது, ஆனால் நிவாரண உடுப்பு இங்கே மலைமலையாக விற்றது என்பதில் சந்தேகமே இல்லை. பேரம் பற்றி: விலைச்சீட்டு ஒட்டிய இடத்தில் பேசாதீர்கள். சந்துக்குள்ளே ரொக்கமாகக் கொடுத்தால் கொஞ்சம் குறையும். பாதி விலைக்குக் கேட்டு ஆரம்பிக்கும் நம் பழக்கம் அங்கே அவமதிப்பாகப் படும். அதைவிடப் பலிக்கும் வழி கொசுறு. அவர்களும் அதற்கு 'தொம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், 'சர்வீஸ்' என்றும் சொல்வார்கள். இரண்டு ஜோடி காலுறை எடுத்துக்கொண்டு சிரித்துக் கேட்டால் மூன்றாவது தானாக வரும். ஒரே கடையில் 15,000 வோனுக்கு மேல் வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும், ஆனால் அதற்கான பலகை வைத்த கடையில் மட்டும்தான். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

வெயில் தாழ்ந்ததும் குவாங்போக் சாலையிலிருந்து நகரும் படிக்கட்டில் யோங்துசான் பூங்காவுக்கு ஏறுங்கள். ஏறக்குறைய 50 மீட்டர் உயரக் குன்றுதான், ஆனாலும் மேலே போனதும் சந்தைச் சத்தம் தணிந்துவிடும். போர்க்காலத்தில் இந்தச் சரிவு முழுக்க அகதிக் குடிசைகள். 1954இல் பெரும் தீவிபத்து. சோலிலிருந்து பத்திரத்துக்காகக் கொண்டுவந்து இங்கே வைத்திருந்த ஜோசன் மன்னர்களின் ஓவியங்களில் பெரும்பகுதி அதில் சாம்பலானது. இப்போது பூக்கடிகாரம், ஜப்பானியக் கடற்படையை முறியடித்த தளபதி யீ சுன்-சின் சிலை, சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள். 120 மீட்டர் உயரப் பூசான் கோபுரம் 1973இல் கட்டியது. மேலே போகக் கட்டணம் உண்டு. ஏறலாமா என்றால், லொத்தே மொட்டைமாடியை ஏற்கெனவே பார்த்தவருக்கு அவசியம் இல்லை என்பேன். பொழுது சாயும் நேரமும் தெளிந்த வானமும் சேர்ந்து அமைந்தால் மட்டும் ஏறுங்கள்.

இறங்கினால் விளக்கு போட்ட குவாங்போக் சாலை. ஃபேஷன் கடைகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, வேடிக்கை பார்க்கலாம். முகப்பூச்சுக் கடையில் நத்தைக் கசிவு சேர்த்த கிரீம் நிறைய விற்கும், சைவம் என்பதை அதுவரைக்கும் நீட்டுகிறவராக இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு படம் ஒரே துண்டில் எடுத்துத் தரும் தானியங்கிப் புகைப்படக் கூண்டுகள் தெருவுக்குத் தெரு. பள்ளிப்பிள்ளைகள் கோமாளித் தொப்பி மாட்டிக்கொண்டு உள்ளே நெருக்கியடிப்பார்கள். தனியாகப் போய் எடுத்துக்கொள்ளக் கூச்சமே வேண்டாம். நாணயம் போட்டுப் பாடும் கரோக்கி அறைகளும் அப்படித்தான். தனியாள் பாடவே கட்டியவை, உள்ளே நீங்கள் என்ன ராகத்தில் பாடினாலும் கேட்க ஆளில்லை. சாலையின் மேற்குமுனையில் பிஃப் சதுக்கம். பூசான் சர்வதேசத் திரைப்பட விழா 1996இல் தொடங்கியபோது இங்குள்ள தியேட்டர்களில்தான் நடந்தது. விழா பிறகு ஹேயுன்தே பக்கம் பெரும்பாலும் நகர்ந்துவிட்டது. இயக்குநர்கள், நடிகர்களின் கைத்தடங்கள் மட்டும் தரையில் பதித்தபடி இருக்கின்றன, அவற்றின் மேல்தான் ஹோத்தொக் வரிசை நிற்கிறது.

ஏழரைக்குப் பக்கத்திலேயே காங்தோங் சந்தை. காங்தோங் என்றால் தகரடப்பா. அமெரிக்கப் படையிலிருந்து கசிந்துவந்த டப்பா உணவு விற்ற இடம். பகலில் வெளிநாட்டுச் சாக்லேட்டும் ஜப்பானியத் தைலமும் விற்கும் சாதாரணச் சந்தைதான். ராத்திரியில் நடைபாதை நடுவே தள்ளுவண்டிகள் உருண்டு வந்து வரிசைகட்டும். கொரியாவில் நிரந்தரமாக நடக்கும் முதல் இரவுச்சந்தை இது, 2013இல் தொடங்கியது. உங்களுக்குச் சாப்பிட அதிகம் அகப்படாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு, பழம் என்று ஏதாவது கிடைக்கும். தீயும் புகையும் கூச்சலும் பார்க்கவே அரை மணி நேரம் போதுமான காரணம்.

தனியாகப் பெண் ராத்திரியில் நடக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நடக்கலாம். பதினொரு மணிக்கும் அங்கே பாட்டிகள் தனியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். கூட்டத்தில் இடிபட்டால் யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள், அது முரட்டுத்தனம் இல்லை, பூசான் பழக்கம். கூகுள் வரைபடம் நடைவழி காட்டுவதில் அங்கே சொதப்பும், நேவர் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். ரூபாயை மாற்றுவது சிரமம், டாலராகக் கொண்டுபோங்கள். மெட்ரோ நிலையக் கழிப்பறைகள் சுத்தம், இலவசம். குப்பைத்தொட்டிதான் கண்ணிலேயே படாது, கைப்பையில் ஒரு உறை வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் எங்காவது ஒரு குழந்தை "அப்பா!" என்று கத்தும், நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். கொரியாவிலும் அப்பா அப்பாதான், அம்மா 'ஒம்மா'. இதைவைத்துத் தமிழும் கொரியமும் உடன்பிறப்புகள் என்று நம் இணையத்தில் ஓடும் பதிவுகளை நானும் ஒரு காலத்தில் பகிர்ந்தவன்தான். மழலை வாயில் முதலில் வரும் இந்த மாதிரிச் சொற்கள் உறவே இல்லாத பல மொழிகளில் ஒன்றுபோல இருக்கின்றன, மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அதேபோல, பக்கத்து ஊர் கிம்ஹேயில் ஹியோ ஹ்வாங்-ஓக் அரசியின் சமாதி இருக்கிறது. அவர் அயுத்தா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்தார் என்று 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த சம்குக் யுசா என்ற கொரிய நூல் சொல்கிறது. அது அயோத்தி என்கிறார்கள் சிலர், தென்கோடி ஆய் நாடு என்கிறார்கள் நம்மவர் சிலர். சமாதியும் கதையும் நிஜம். அயுத்தா எது என்பதற்கு அவர் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அரைநாள்தான். மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறு என்றால் குக்ஜே சந்தைக்கு விடுமுறை, அதனால் சந்தை வேலையெல்லாம் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். ஞாயிறு காலை யொங்டோ பாலத்தை நடந்து கடந்து, வலப்பக்கம் திரும்பி காங்காங்கி கிராமத்துக்குப் போய்வரச் சொல்வேன். என் பழைய பட்டறைப் பக்கம் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிய துருவையும் சிப்பியையும் பெண்கள் பலகைக் கயிற்றில் தொங்கியபடி சுத்தியலால் தட்டி எடுப்பார்கள். காங், காங் என்று அந்தச் சத்தமே ஊருக்குப் பெயரானது. காது மந்தமாகிப்போன பாட்டிகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். ஞாயிறில் பட்டறைகள் அமைதியாக இருக்கும், சுவரோவியங்களும் கரையேற்றிய கப்பல்களும் பார்க்கலாம். திரும்பும்போது பன்னிரண்டு மணி ஆகியிருக்கும். கணவர் கருத்தரங்கு முடிந்து வந்ததும் கொடுக்கலாம் என்று ஹோத்தொக்கைப் பொட்டலம் கட்டி அறைக்கு எடுத்துப் போகாதீர்கள், ஆறினால் செருப்புத் தோல். அவரையே பிஃப் சதுக்கத்துக்கு வரச் சொல்லி வரிசையில் நிற்கவையுங்கள்.